கிடுகும் உறுதியும்

உடைமை என்றதும் நமது சிந்தனை வயலுக்கும் தோட்டத்துக்கும் ஆலைக்குமே ஓடுகின்றது. உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வலை இழுப்பவனுக்கு எது சொந்தம் என்ற கேள்வி நமது மேடைகளில் அதிகம் எழுந்ததில்லை. கடல் யாருக்கும் சொந்தமன்று என்று கூறி அக்கேள்வியைக் கடந்துவிடுகிறோம். கடல் யாருக்கும் சொந்தமன்று என்பது உண்மையாகவே இருக்கட்டும். கடலுக்குப் போகும் வழி யாரோ ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டால், அந்த உண்மையால் மீனவனுக்கு ஆவது என்ன?

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் இக்கேள்வியை நம்முன் நிறுத்துகின்றது. தெற்கே நீர்கொழும்பு எல்லையை அண்டித் தொடங்கி, சிலாபம், உடப்பு ஆகிய ஊர்களைக் கடந்து, கற்பிட்டிக் குடாநாடாக வடக்கே நீண்டு, கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே ஒடுங்கி நிற்கும் கரை அது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், இந்துக்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் கரை. இங்கே மீனவனது இருப்பிடத்துக்கு வாடி என்று பெயர். கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, மணலையே தரையாகக் கொண்டு எழும் குடில் அது. வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்பக் கடல் மாற, மீனவரும் கரை மாறுவர். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து பருவத்துக்குப் பருவம் வந்து வாடியமைத்துத் தொழில் செய்தவர்கள் பலர். நாளடைவில் அங்கேயே நிலைத்துவிட்ட குடும்பங்களும் உள.

அதே கரையில் இப்பொழுது வேறொரு கிடுகுக் கூரையும் எழுந்திருக்கின்றது. ஆலங்குடாவிலும் கண்டக்குளியிலும் உல்லாசப் பிரயாணிகளுக்கென அமைந்த விடுதிகளிற் பல, கம்பும் கிடுகும் கொண்டு அழகுறக் கட்டப்பட்டவை. சுற்றாடலுக்கு இசைந்த கட்டடக் கலை என்றும், மண்ணின் மரபு என்றும் அவை பாராட்டப்படுகின்றன. அப்பாராட்டில் தவறில்லை, அக்கூரை வெயிலுக்கும் காற்றுக்கும் உகந்ததே. ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். மீனவன் வேய்ந்தால் அது தற்காலிகக் கொட்டில். அரச காணியில் நிகழ்ந்த அத்துமீறல். முதலாளி வேய்ந்தால் அது வடிவமைப்பு. அனுமதி பெற்ற முதலீடு. ஓலை ஒன்றே, மணலும் ஒன்றே. இரண்டையும் பிரிப்பது ஓலைக்கு அடியிலுள்ள தரை பற்றி ஒரு தாளில் எழுதப்பட்ட வாசகம் மட்டுமே. அழகியல் என்ற பெயரில் நாம் தீர்ப்பளிக்கும்போது, உண்மையில் உடைமையைப் பற்றியே தீர்ப்பளித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

இதனால், கரையிற் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளே வேண்டாமென்ற முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது. அது முதலாளித்துவத்துக்கு மிக உவப்பான முடிவு. என் காணியில் என் விருப்பப்படி கட்டுவேன் என்ற வாதத்தை மனித சமுதாயம் எங்குமே முழுமையாக ஏற்றதில்லை. இலங்கையில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், ஒருவனது சுவர் அயலவனது ஒளியையும் காற்றையும் மறைத்தலாகாது என்ற கொள்கையை விதியாக்கியது. தெருவோரக் காணிகளுக்குக் கட்டட எல்லைக் கோடு வகுப்பதும் இக்கொள்கையின் தொடர்ச்சியே. எனது உடைமை உனது மூச்சை நிறுத்துமிடத்தில் எனது உரிமையும் நின்றுவிட வேண்டும்.

கடற்கரையில் இத்தேவை இன்னும் கூர்மையானது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என வரையறுத்து, அதனுள் அனுமதியின்றி அபிவிருத்தி வேலைகள் செய்தலைத் தடுத்தது. கடல் அரிப்பால் வீட்டையும் தென்னையையும் இழந்துவரும் மாரவில, சிலாபக் கரையோர மக்களுக்கு இவ்வகைச் சட்டத்தின் நியாயத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. கரையிலிருந்து விலகிக் கட்டு என்பது அரசாங்கத்தின் கட்டளையாவதற்கு முன்பே கடலின் கட்டளையாகும்.

கட்டுப்பாடற்ற உடைமை என்ன செய்யும் என்பதையும் இம்மாவட்டம் தன் அனுபவத்தில் அறியும். 1980களிலும் 1990களிலும் புத்தளம், முந்தல், சிலாபம் களப்புகளைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. அனுமதி பெற்ற பண்ணைகளோடு பெறாத பண்ணைகளும் அரச காணியைத் தோண்டிக் குளங்களாக்கின. ஒரு பண்ணை வெளியேற்றிய கழிவுநீரையே அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் அடுக்கடுக்காக அழிந்தன. இலாபத்தைத் தனித்தனியே பெற்றவர்கள் நோயைக் கூட்டாகப் பகிர்ந்தனர். கைவிடப்பட்ட குளங்களும் உப்பேறிய நிலமும் களப்பை நம்பி வாழ்ந்தவர்களுக்கு எஞ்சின. ஆகவே, விதி வேண்டும். விதி யாரைக் கட்டுகிறது, யாரை விடுகிறது என்பதே நமது விசாரணை.

2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோளின் பின் இவ்விசாரணைக்கு ஒரு பெருந் தருணம் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என ஒரு தடைவலயம் அறிவிக்கப்பட்டது. உயிர்காக்கும் நோக்கமென்றே அதற்குக் காரணம் கூறப்பட்டது. ஆனால் வீடிழந்த மீனவன் திரும்பிக் கட்டத் தடைப்பட்ட கரையில் உல்லாச விடுதிகளுக்குச் சலுகை கிடைக்கிறதென்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் நாடெங்கும் ஒலித்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வலயம் தளர்த்தப்பட்டது. அலை மீனவனது குடிசைக்கும் விடுதியின் மண்டபத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆகவே, அலையின் பெயரால் இயற்றப்படும் விதியும் வேறுபாடு காட்டலாகாது. காட்டுமாயின், அவ்விதியின் உள்நோக்கம் பாதுகாப்பன்று, இடத்தைக் காலி செய்வித்தலே என்று மக்கள் சந்தேகிப்பது நியாயமே.

இனி உடைமையின் பக்கம் திரும்புவோம். கரையில் வாழ்பவனிடம் உறுதி ஏன் இல்லை? அவன் அசட்டையாக இருந்ததால் அன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியேறாத, பயிரிடப்படாத நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்றது. பயிர் செய்தலே உடைமைக்குச் சான்று என்ற கண்ணோட்டம் அதில் ஒளிந்துள்ளது. மணலில் நெல் விளையாது. வலை உலர்த்துவதும், தோணி ஏற்றுவதும், மீன் காயவைப்பதும் நிலத்தில் வடுப் பதிக்காத உழைப்பு. பருவம் முடிந்து மீனவன் கரை மாறிப் போனபின் மணல் வெறுமையாகவே தோன்றும். சாம்ராச்சியத்தின் கண்ணுக்கு அது யாருமற்ற நிலம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு தடையற்ற அனுபவத்தால் காணிக்கு உரித்தளித்தது; ஆனால் முடிக்கு எதிராக அவ்வழியைத் திறக்கவில்லை. எனவே, மூன்று தலைமுறை வாடி கட்டி வாழ்ந்தாலும் அரச காணியில் வாழ்பவன் சட்டத்தின் முன் நேற்று வந்தவனே.

வியப்பு என்னவெனில், இந்நாட்டின் பொதுச் சட்டத்துக்கு வேராயுள்ள உரோமச் சட்டம் மீனவனை அறிந்திருந்தது. 533ஆம் ஆண்டில் யுஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்றையும் ஓடும் நீரையும் கடலையும், அதன் காரணமாகக் கடற்கரையையும், இயற்கை நீதியால் அனைவர்க்கும் பொதுவானவை என வகுக்கின்றது. கரையில் தங்குதற்கு ஒரு குடில் கட்டிக்கொள்ளவும், வலையை உலர்த்தவும் எவருக்கும் தடையில்லை என்று அது வெளிப்படையாகவே கூறுகின்றது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாடியைச் சட்டம் கண்டிருந்தது! பின்னர் ஒல்லாந்தச் சட்ட அறிஞர் குரோசியஸ், 1609இல், கடல் எவர்க்கும் சொந்தமாகாது என்று வாதிட்டார். போர்த்துக்கேயரது ஏகபோகத்தை உடைக்க ஒல்லாந்தக் கம்பனிக்கு அவ்வாதம் பயன்பட்டது. அதே கம்பனி பின்னர் கற்பிட்டியைக் கைப்பற்றி, களப்பின் வாயிலைக் காவல் செய்யக் கோட்டை கட்டியது. பொதுமை என்ற தத்துவம் ஏகபோகத்தை உடைக்கப் புறப்பட்டு, மற்றோர் ஏகபோகத்துக்கு வாயிலாக முடிந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: பொதுவானது என்று அறிவிப்பது மட்டும் போதாது. அப்பொதுமையைக் காப்பவர் யார் என்று கூறாத அறிவிப்பு, வலியவனுக்கு விடுத்த அழைப்பாகும்.

இங்கேயே முற்போக்காளர் தம் பழைய நம்பிக்கை ஒன்றையும் உரைத்துப் பார்க்க வேண்டும். தனியுடைமைக்கு மாற்று அரசுடைமை என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். கற்பிட்டியில் நிகழ்ந்தது என்ன? அங்குள்ள 14 தீவுகளையும் குடாநாட்டின் கரையையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 4000 ஏக்கர் பரப்பில், ஒரு பெரும் உல்லாசப் பிரயாணத் திட்டம் வகுக்கப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் அது வேகம் பெற்றது. காணி அரசினுடையது; ஆதலால் அதைக் குத்தகைக்கு விட அரசுக்கு அதிகாரம் உண்டு. மீனவர் அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்றும், கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுக்குச் செல்லும் பாதைகளும் அடைபடுகின்றன என்றும் அவை முறையிட்டன. வகுத்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் அது காட்டிய உண்மை மறையவில்லை: தனியுடைமை வளர்வதற்கு அரசுடைமையே மிக இலகுவான வழியாகலாம். ஆயிரம் குடும்பங்களிடம் ஆயிரம் உறுதிகள் இருந்தால் ஆயிரம் பேரிடம் பேச வேண்டும். எல்லாம் அரசினுடையதாக இருந்தால் ஓர் அலுவலகத்திற் பேசினாற் போதும்.

அரசியல் யாப்பும் இவ்விடத்தில் ஆறுதல் தருவதில்லை. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இடம் பெறவில்லை. இதை ஒரு முற்போக்கான மௌனம் என்று சிலர் கொள்ளலாம். இந்தியாவும் அதே ஆண்டில் 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் இலங்கை யாப்பின் 157ஆம் உறுப்புரை, அந்நிய முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கைகளுக்குப் பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஒப்புதல் அளித்தால், தேசியப் பாதுகாப்பின் நிமித்தமன்றி அவற்றுக்கு மாறாகச் சட்டம் இயற்றலாகாது என்கின்றது. குடிமகனது குடிலுக்கு மௌனம். அந்நிய மூலதனத்துக்கு அரண். இதை நடுநிலைமை என்று எவ்வாறு கூறுவது?

அமெரிக்காவில் இதன் மறுபுறத்தைக் காணலாம். தென் கரோலினாக் கரையில் லூக்கஸ் என்பவர் 1986இல் இரு மனைகளை 975,000 டொலருக்கு வாங்கினார். 1988இல் வந்த கரையோரச் சட்டம் அங்கு வீடு கட்டுவதைத் தடுத்தது. 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு விதி காணியின் பொருளாதாரப் பயன் முழுவதையும் பறித்துவிடுமாயின், வழமையான உடைமைச் சட்டமே அப்பயனைத் தடுத்திராவிடில், நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு தனிமனிதன் சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கலாகாது என்ற எண்ணத்தில் நியாயமுண்டு. ஆனால் அந்நியாயம் தாளில் எழுதிய உடைமையை மட்டுமே காண்கிறது. இரண்டு மனைகளை வாங்கி இரண்டாண்டு வைத்திருந்தவனது இழப்பு இழப்பாகிறது. இரண்டு தலைமுறை வலை உலர்த்தியவனது இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. விதியாற் பறிபோவதற்கு அவனிடம் ஒன்றுமே இருந்ததில்லை என்று சட்டம் சொல்லிவிடுகின்றது.

உறுதி என்ற தாளின் ஏழ்மையைப் புத்தளம் மற்றொரு வழியிலும் அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சம் புகுந்து கிடுகுக் கொட்டில்களிற் பல்லாண்டு வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்களுக்கு உறுதி இருந்தது, வீடு இல்லை. புத்தளத்தில் கொட்டில் இருந்தது, உறுதி இல்லை. இத்தகைய இடம்பெயர்ந்தோரின் காணிகளில் பிறர் பத்தாண்டு இருந்து உரித்துப் பெறாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்தக் காலத்தை அக்கணக்கிலிருந்து விலக்கியது. காலம் தானாக நீதி செய்வதில்லை, சில வேளைகளில் கடிகாரத்தை நிறுத்தித்தான் நீதி செய்ய வேண்டும் என்று பாராளுமன்றமே ஒப்புக்கொண்ட தருணம் அது. இதே மனச்சாட்சி கரையில் வாழ்பவனுக்கும் நீள்வதற்குத் தடை என்ன?

அப்படியாயின் மீனவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறுதி வழங்கிவிடலாமே என்று கேட்கலாம். கேட்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் தனி உறுதி விற்கக்கூடிய பண்டம். மகளின் சீதனத்துக்கும், இயந்திரப் படகின் கடனுக்கும், ஒரு மாரிகாலத்துப் பட்டினிக்கும் அது கைமாறும். சில ஆண்டுகளில் அதே கரை, இம்முறை முற்றிலும் சட்டபூர்வமாகவே, விடுதியின் முற்றமாகும். மேலும், மீனவர் என்பது பிளவற்ற ஒரு குலமன்று. கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும், அம்பாப் பாடி அவ்வலையை இழுக்கும் கூலியாளும் ஒரே மணலில் நிற்கின்றனர். ஒரே நலனில் நிற்கவில்லை. மீனைக் காயவைத்து விற்கும் பெண்ணுக்கோ எந்தப் பத்திரத்திலும் பெயரில்லை. கரையின் உரிமை சம்மாட்டியின் உறுதியாகச் சுருங்கினால், நாம் ஒரு முதலாளியை விரட்டி மற்றொருவரை அமர்த்தியவராவோம்.

கனடிய அறிஞர் மாக்பர்சன் உடைமையை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். பிறரை விலக்கும் உரிமை ஒன்று; பொதுவானதிலிருந்து விலக்கப்படாதிருக்கும் உரிமை மற்றொன்று. சந்தை முதலாவதை மட்டுமே உடைமை என்று நமக்குக் கற்பித்துவிட்டது. கரையில் நாம் நிலைநாட்ட வேண்டியது இரண்டாவதை. வேலியிடும் உரிமையன்று, வேலியால் தடைப்படாதிருக்கும் உரிமை. கடலுக்குச் செல்லும் பாதை, தோணி ஏற்றும் மணல், வலை இழுக்கும் பாடு, மீன் காயவைக்கும் வெளி, பருவத்துக்கு வாடி அமைக்கும் இடம் ஆகிய இவை ஊரின் கூட்டுரிமையாக வரைபடத்தில் முதலில் குறிக்கப்பட வேண்டும். எஞ்சிய இடத்திலேயே விடுதிக்குக் கோடு கீறலாம். இதுவரை வரைபடங்கள் இதற்கு நேர்மாறான ஒழுங்கில் வரையப்பட்டு வந்துள்ளன. இவ்வுரிமை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாததாக இருக்க வேண்டும். வலை இழுப்பவனும் கருவாடு காயவைப்பவளும் அதில் சம பங்காளராக வேண்டும். இது கற்பனையன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் 1991ஆம் ஆண்டின் கரையோர ஒழுங்குமுறை அறிவித்தல் 2011இல் மாற்றியெழுதப்பட்டபோது, மீனவரது குடியிருப்புக்குத் தனி ஏற்பாடு இடம்பெற்றது. 2019இல் வந்த அறிவித்தல், மக்கள் அடர்ந்த ஊர்ப்புறக் கரைகளில் தடைவலயத்தை 200 மீற்றரிலிருந்து 50 மீற்றராகக் குறைத்தது. மக்கள் விழித்திருந்தபோது சேர்க்கப்பட்டதும், மூலதனம் விழித்திருந்தபோது தளர்த்தப்பட்டதும் ஒரே ஏட்டிற் பதிந்துள்ளன.

கட்டட விதிகளை எவ்வாறு எழுதுவது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர்களில் முன்னோடியான மினெற் டி சில்வா, 1950களில் கண்டி வட்டப்புலுவையில் அரச ஊழியர்க்கு வீடமைப்புத் திட்டம் வரைந்தபோது, குடிவரப் போகும் பல்லின மக்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்களது வாழ்க்கை முறையையும் தேவையையும் வருவாயையும் அறிந்தபின்னரே வீடுகளை வடிவமைத்தார். எவர் வாழப் போகிறாரோ அவரைக் கேட்டல் என்ற அச்சிறு செயலில் ஒரு பெரிய ஒழுக்கவியல் அடங்கியிருக்கிறது. கற்பிட்டியின் கரைக்கு எத்தனையோ வரைபடங்கள் வந்துள்ளன. உச்சமுனையில் வாழும் ஒரு பெண்ணிடம், உன் வாசல் எத்திசையை நோக்க வேண்டும், உன் கருவாட்டுக்கு எவ்வளவு வெளி வேண்டும் என்று கேட்டுத் தொடங்கும் வரைபடமே இனி வரவேண்டியது.

ஆகவே, ஒரு விதி நீதியானதா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். அது குடிலையும் விடுதியையும் ஒரே அளவுகோலால் அளக்கின்றதா? அதன் சுமையைத் தாங்குபவர்கள் அதனை எழுதுவதிற் பங்கு கொண்டனரா? அதனால் விட்டுக்கொடுக்கப்படும் இடம் உண்மையிலேயே பொதுவாகின்றதா, அன்றி வேறொருவருக்குக் காத்திருக்கின்றதா? மூன்றுக்கும் ஆம், ஆம், பொதுவாகின்றது என்று விடை கிடைக்குமாயின், மீனவனும் தன் வாடியைச் சில அடி பின்னுக்கு நகர்த்த மறுக்கமாட்டான். கடலின் கட்டளையை அவனைவிட நன்கறிந்தவர் எவர்? விடை வேறாயின், அவ்விதி எத்துணை அழகிய கூரையைப் பரிந்துரைத்தாலும் அது வேலியே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் செய்யக்கூடியது சிறிதன்று. நமது பாடசாலைகளிற் பல கரையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பிரதேச சபையில் வரைபடம் பார்வைக்கு வைக்கப்படும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். சட்டத்தின் மொழியை ஊரின் மொழியிற் கூறவும், ஊரின் பாதைகளையும் பாடுகளையும் பெயர்களோடு ஏட்டிற் பதியவும் நம்மால் இயலும். எழுத்தறிவு உடைமையாளனது ஆயுதமாக இருந்து வந்த கரையில், அது முதன்முறையாக வலை இழுப்பவனது கருவியாகட்டும்.